எஃப் 83: அது மார்க் இல்லை

குழந்தை வளர்ச்சிக் கோளாறுகள் பற்றி வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில். பதில் தருவது குழந்தை வளர்ச்சி மருத்துவர், பேச்சுப் பயிற்சியாளர், ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (ஓ.டி., கை வேலையும் அன்றாடத் திறனும் பழக்குபவர்), சிறப்பாசிரியர் ஆகியோர் சேர்ந்த குழு.

கேள்வி: மகனுக்கு ஆறரை வயது, ஒன்றாம் வகுப்பு. பேச்சு கோர்வையாக வராது. சட்டை பட்டன் போடத் தெரியாது. எழுத்து இன்று சொன்னால் நாளை மறந்துவிடுகிறான். ரிப்போர்ட்டில் ‘மிக்ஸ்டு ஸ்பெசிஃபிக் டெவலப்மென்டல் டிஸார்டர், எஃப் 83’ என்று எழுதியிருக்கிறது. மூன்று வயதில் வேறொரு டாக்டர் வேறு பெயர் சொன்னார். பக்கத்து வீட்டில், “ஆட்டிசம்தான், பயப்படுவீங்கன்னு பேரை மாத்தி எழுதியிருக்காங்க” என்கிறார்கள். எதை நம்புவது?
— வாசகி, பெரம்பூர்

பதில்: பக்கத்து வீட்டை நம்ப வேண்டாம். 83 என்பது மார்க் இல்லை, சதவீதமும் இல்லை, வெறும் கோப்பு எண். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலின் பத்தாம் பதிப்பில் எஃப் 80 பேச்சும் மொழியும். எஃப் 81 வாசிப்பு, எழுத்து, கணக்கு. எஃப் 82 கை கால் ஒத்திசைவு. மூன்றிலும் கொஞ்சம் கொஞ்சம் பின்னடைவு இருந்து, இதுதான் முக்கியம் என்று ஒன்றை மட்டும் சுட்டிக்காட்ட முடியாதபோது எழுதுவது எஃப் 83, அதாவது கலப்பு வளர்ச்சிக் கோளாறு. ஆட்டிசம் அடுத்த எண்ணில், எஃப் 84-இல் இருக்கிறது. கவனச்சிதறலும் துறுதுறுப்பும் எஃப் 90. எஃப் 83 குழந்தைகளிடம் பொதுவான அறிவுத்திறனிலும் லேசான குறை இருப்பது சகஜம் என்று அந்தப் பட்டியலே சொல்கிறது. அதனால் ஐ.க்யூ. சோதனை செய்யச் சொன்னால் கோபப்படாதீர்கள்.

மூன்று வயதில் சொன்ன பெயர் ‘குளோபல் டெவலப்மென்டல் டிலே’, அதாவது பொதுவான வளர்ச்சித் தாமதம் என்றுதான் இருக்கும் என நினைக்கிறோம். ஐந்து வயதுக்குக் கீழே முறையான ஐ.க்யூ. சோதனையை நம்பிச் செய்ய முடியாததால் அப்போது அந்தப் பெயர். இப்போது இது. எட்டு வயதில் எழுத்துப் பிரச்சினை மட்டும் தனித்துத் தெரிந்தால் ‘கற்றல் குறைபாடு’ என்று மாறலாம். குழந்தை ஒன்றுதான், வயது ஏற ஏற எது எது என்று பிரித்துப் பார்க்க முடிகிறது, அவ்வளவே. 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த பதினோராம் பதிப்பில் மொழி, கற்றல், உடலியக்கம் மூன்றையும் தனித்தனியாகவே எழுதச் சொல்கிறார்கள். எங்களுக்கும் அதுதான் பிடிக்கும். ‘கலப்பு’ என்ற சொல்லை வைத்துக்கொண்டு வீட்டில் ஒரு வேலையும் தொடங்க முடியாது.

ஆட்டிசத்தோடு உள்ள வேறுபாட்டைச் சொற்களின் எண்ணிக்கையில் தேடினால் கிடைக்காது. வார்த்தை வராவிட்டாலும் உங்கள் கையைப் பிடித்து இழுத்து, தெருவில் போகும் யானையைக் காட்டி, நீங்கள் பார்த்தீர்களா என்று உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்க்கிறானா? பொம்மைக்குச் சோறூட்டுகிறானா? மற்ற பிள்ளைகளிடம் போய், விளையாட்டு விதி புரியாமல் திரும்பி வருகிறானா, இல்லை போகவே விருப்பமில்லையா? இப்படிக் காட்டுவதும் ஊட்டுவதும் மற்ற பிள்ளைகளிடம் போவதும் இருந்தால் ஆட்டிசத்தின் சாயல் குறைவு. ஆட்டிசமும் இந்தப் பின்னடைவுகளும் சேர்ந்திருக்கும் குழந்தைகளும் உண்டு. ஆகவே வீட்டில் தீர்ப்பு எழுத வேண்டாம்.

அடுத்த முறை போகும்போது டாக்டரிடம் நான்கு விஷயம் கேளுங்கள். காதும் கண்ணும் சோதித்தாயிற்றா? மொழியில் புரிதல் எந்த வயது அளவில் இருக்கிறது, பேசுவது எந்த அளவில்? கை வேலைக்கு எந்தச் சோதனை வைத்தீர்கள்? அன்றாட வாழ்க்கைத் திறன், அதாவது தானே சாப்பிடுவது, உடுத்துவது, எந்த வயது நிலையில்? இந்த நான்குக்கும் எண் இல்லாத ரிப்போர்ட்டில் ‘மிக்ஸ்டு’ என்று இருந்தால், சோதனை பாதியில் நிற்கிறது என்று பொருள்.

கேள்வி: பேரனுக்கு இரண்டே கால் வயது. ‘அம்மா’, ‘தா’ தவிர வேறு சொல் இல்லை. குக்கர் விசில் அடித்தால் திரும்புகிறான், அதனால் காது நன்றாகத்தான் கேட்கிறது. அவன் அப்பாவும் நாலு வயதில்தான் பேசினான். குழந்தை 34 வாரத்தில் பிறந்தது, குறைமாதம். ஊரிலிருந்து சம்பந்தியம்மா வந்து நாக்கில் வசம்பு தேய்க்கச் சொல்கிறார். நாக்குக்கு அடியில் ஒட்டியிருக்கிறது, வெட்டிவிட்டால் பேசிவிடுவான் என்றும் ஒருவர் சொன்னார். காத்திருக்கலாமா?
— தாத்தா, மடிப்பாக்கம்

பதில்: காத்திருக்க வேண்டாம், ஐயா. ஒவ்வொன்றாகச் சொல்கிறோம்.

குறைமாதக் கணக்கு இப்படி: 40-இல் 34 போனால் ஆறு வாரம். குழந்தையின் வயதிலிருந்து ஆறு வாரத்தைக் கழித்துப் பார்ப்பது இரண்டு வயது வரைக்கும்தான். அதைத் தாண்டிவிட்டான். கழித்தாலும் இரண்டு வயதுக்கு மேல்தான் வருகிறது. இரண்டு வயதில் ‘அம்மா வா’, ‘பால் வேணாம்’ என்று இரண்டு சொல் சேர்ந்து வந்திருக்க வேண்டும்.

குக்கர் விசில் காதுக்குச் சாட்சி ஆகாது. பெரிய சத்தம் கேட்கும். ‘ச’, ‘த’, ‘ப’ போன்ற மெல்லிய ஒலிகள் மட்டும் விழாமல் போகிற காதுக்கோளாறு இருக்கிறது. அடிக்கடி சளி பிடிக்கும் குழந்தைக்கு நடுக்காதில் நீர் கோத்து, ஒரு வாரம் கேட்டு ஒரு வாரம் மந்தமாகிப் போவதும் உண்டு. அதனால் முதல் வேலை காது சோதனை. பெரா டெஸ்ட் என்பார்கள், குழந்தை தூங்கும்போது தலையில் ஒட்டுகள் வைத்து எடுப்பது. அன்று தலைக்கு எண்ணெய் வைக்காதீர்கள், ஒட்டு நிற்காது. முதல் நாள் இரவு தாமதமாகத் தூங்கவைத்து, காலையில் சீக்கிரம் எழுப்பி, ஆட்டோவில் கண்ணயர விடாமல் கொண்டுபோங்கள். வழியில் தூங்கிவிட்ட குழந்தை மையத்தில் விழித்துக்கொண்டு அழும், தேதி வீணாகும். தூக்க மருந்து தேவைப்பட்டால் அங்கே, டாக்டர் முன்னால் மட்டுமே தர வேண்டும்.

அப்பா தாமதமாகப் பேசினார் என்பது ஆறுதலுக்கான செய்தி இல்லை. மொழிக் கோளாறு குடும்பத்தில் ஓடுவதுண்டு. டாக்டரிடம் மறக்காமல் சொல்ல வேண்டிய தகவல் அது. அவர் பள்ளியில் வாசிக்கச் சிரமப்பட்டாரா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

வசம்பு வேண்டவே வேண்டாம். அதிலிருக்கும் ஆசரோன் என்ற பொருள் சிறு குழந்தைக்கு ஆகாது, விடாத வாந்தியைக் கொண்டுவரும். நாக்கு ஒட்டியிருந்தால் சில எழுத்துகளின் உச்சரிப்பு பிசகலாம். சொல்லே வராமல் இருப்பதற்கு அது காரணம் ஆகாது. வெட்டினால் பேச்சு வந்துவிடும் என்று காத்திருந்து ஒரு வருடம் போய்விடும்.

காதோடு கூட ரத்தத்தில் ஹீமோகுளோபினும் தைராய்டும் பார்த்துவிடுங்கள். இந்த வயதில் 11 கிராமுக்குக் கீழே போனால் ரத்தசோகை. மந்தமும் எரிச்சலும் அதனாலும் வரும். பால் மட்டுமே குடிக்கும் இரண்டு வயதுக் குழந்தைகளிடம் இதை நிறையப் பார்க்கலாம். பிறகு எம்-சாட் என்ற 20 கேள்விப் படிவம். 16 முதல் 30 மாதம் வரை உள்ள குழந்தைக்கு ஆட்டிசம் இருக்குமோ என்று சலித்தெடுக்கும் சல்லடை அது. 3 முதல் 7 வந்தால் மறுபடி விரிவாகக் கேட்பார்கள், 8 அல்லது அதற்கு மேல் வந்தால் நேரே முழுச் சோதனைக்கு அனுப்புவார்கள். அது சல்லடைதான், முடிவு இல்லை. ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும்: இருந்த சொல்லோ திறனோ திடீரென்று காணாமல் போனால், எந்த வயதாக இருந்தாலும், அந்த வாரமே டாக்டரைப் பாருங்கள்.

கேள்வி: மகள் மூன்றாம் வகுப்பு, எட்டு வயது. நோட்டைத் திறந்தால் கோழி கிளறிய மாதிரி எழுத்து. போர்டில் இருப்பதைப் பாதிதான் எழுதி வருகிறாள். டீச்சர் “சோம்பேறி” என்கிறார். கை பிரச்சினையா, படிப்புப் பிரச்சினையா, புரியவில்லையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
— வாசகி, தாம்பரம்

பதில்: நல்ல கேள்வி. நோட்டுப் புத்தகம் மட்டும் பார்த்தால் மூன்றும் ஒரே மாதிரிதான் தெரியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வயிறு நிறைந்த நேரத்தில், நாற்பது நிமிடம் ஒதுக்குங்கள். நான்கு வேலை, நடுவில் ஐந்து ஐந்து நிமிடம் இடைவெளி.

முதலில் வாய். நேற்று கடற்கரைக்கோ கோயிலுக்கோ போன கதையைச் சொல்லச் சொல்லி, செல்போனில் பதிவு செய்யுங்கள். பிறகு தனியாகக் கேளுங்கள். முதலில் நடந்தது முதலில் வருகிறதா? ‘அவன் வந்தான், அது வந்தது’ என்று வினைமுற்று பொருந்துகிறதா? பெயர் வர வேண்டிய இடத்தில் எல்லாம் ‘அது... இது... அங்க வெச்சு...’ என்று போகிறதா?

இரண்டாவது, பார்த்து எழுதுதல். பாடப்புத்தகத்திலிருந்து ஐந்து வரி, ஐந்து நிமிடம். முடிக்காவிட்டாலும் நிறுத்திவிடுங்கள். மூன்றாவது, சொல்வதை எழுதுதல். பட்டம், கதவு, மணல், கோழி, வாழை, பள்ளி, தேன், கொக்கு, நண்டு, மரங்கள்: பத்துச் சொல். நான்காவது, வாசிப்பு. பார்த்திராத ஒரு பத்தியை ஒரு நிமிடம் அவள் வாசிக்கட்டும். பிறகு வேறொரு பத்தியை நீங்கள் வாசித்துக் காட்டி, நாலு கேள்வி கேளுங்கள்.

கதை நன்றாகச் சொல்கிறாள், பத்துச் சொல்லும் கோணலாக இருந்தாலும் சரியாக இருக்கிறது, பார்த்து எழுதுவது மட்டும் ஆமை வேகம் என்றால் சிக்கல் கையில். கதையும் நன்று, பார்த்து எழுதுவதும் பரவாயில்லை, ஆனால் சொல்வதை எழுதும்போதும் தானே வாசிக்கும்போதும் தடுக்கி விழுகிறாள், நீங்கள் வாசித்தால் மட்டும் பதில் டக் டக் என்று வருகிறது என்றால் எழுத்தறிவில் சிக்கல், டிஸ்லெக்ஸியா பக்கம். நீங்கள் வாசித்துக் காட்டியும் புரியவில்லை, கதையும் உடைந்து உடைந்து வருகிறது என்றால் அடியில் இருப்பது மொழி. எழுத்து அதற்கு மேல் வந்த விளைவு. நான்கும் தள்ளாடினால்தான் கலப்பு என்று பேசலாம்.

பிழைகளை எண்ணும்போது ஒரு எச்சரிக்கை. ‘மணல்’ என்பதை ‘மனல்’ என்றோ ‘வாழை’யை ‘வாளை’ என்றோ எழுதினால் பதற வேண்டாம். சென்னைப் பேச்சில் ண-வும் ன-வும் ஒன்றாகத்தான் ஒலிக்கின்றன, பாதிப் பேருக்கு ழ-வே கிடையாது. காதில் விழாத வேறுபாட்டைக் குழந்தை எப்படி எழுதும்? வாட்ஸ்ஆப்பில் பெரியவர்கள் எழுதுவதைப் பாருங்கள். கவனிக்க வேண்டிய பிழைகள் வேறு வகை. ‘கதவு’ ‘கவது’ ஆவது, ‘பட்டம்’ ‘படம்’ ஆகி நடுவில் எழுத்து விழுவது, ‘கோழி’யில் கொம்பு இருந்து கால் இல்லாமல் போவது, ஒரே சொல்லை ஒரே பக்கத்தில் மூன்று விதமாக எழுதுவது. ‘கொ’ எழுதிப் பாருங்கள். கொம்பு முன்னால், கால் பின்னால், நடுவில் எழுத்து. வாயில் ‘க்’ முதலில் வருகிறது, கையில் கொம்பு முதலில் வர வேண்டும். வரிசை மனதில் நிற்காத பிள்ளைக்கு இந்த ஓர் எழுத்தே மூன்று தடுக்கல்.

மொழி பலவீனமான குழந்தைக்குத் தமிழ்ப் பாடப்புத்தகம் இரட்டைச் சுமை. வீட்டில் ‘போயிட்டு வந்தாங்க’, புத்தகத்தில் ‘சென்று வந்தனர்’. அவளுக்கு அது கிட்டத்தட்ட இன்னொரு மொழி. பாடத்தை முதலில் வீட்டுத் தமிழில் கதையாகச் சொல்லிவிட்டு, பிறகு புத்தகத்தைத் திறங்கள்.

பார்த்து எழுதிய தாளில் இன்னொன்றும் பாருங்கள். முதல் இரண்டு வரி ஒழுங்கு, ஐந்தாவது வரி சரிவு என்றால், அந்த ஐந்து நிமிடமும் அவள் என்ன செய்தாள் என்பதே முக்கியம். கையை உதறினாளா, விரலைச் சொடுக்கினாளா? கை களைத்திருக்கிறது. ஜன்னலைப் பார்த்தாளா, ரப்பரோடு பேசினாளா? கவனம் நழுவியிருக்கிறது. தாளைத் திருப்பித் தடவிப் பாருங்கள். பின்பக்கம் மேடு மேடாக இருந்தால் பென்சிலை அழுத்துகிறாள். அப்படி அழுத்தினால் எந்தக் கையும் பத்து வரியில் ஓய்ந்துபோகும்.

கைதான் சிக்கல் என்றால் இன்றே செய்யக்கூடியவை சில. நாற்காலியில் உட்கார்ந்தால் பாதம் தொங்கக் கூடாது. முக்காலியோ பழைய டெலிபோன் டைரக்டரியோ காலுக்கு அடியில் வையுங்கள். மேசை முழங்கை உயரத்தில் இருக்கட்டும். மூன்று அங்குல பாக்ஸ் ஃபைலைப் படுக்கவைத்தால் சாய்தளம் தயார், அதன் மேல் நோட்டு. நீளப் பென்சிலுக்குப் பதில் இரண்டு அங்குலத் துண்டுப் பென்சில்; முழுக் கையால் பிடிக்க இடமில்லாததால் மூன்று விரல் தானாக வரும். அழுத்தம் குறைய, முனை உடையும் மைக்ரோ டிப் பென்சிலைக் கொடுத்து, உடையாமல் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். கோபம் வந்தால் நிறுத்திவிடுங்கள்.

இந்தத் தாள்களையும் ஒலிப்பதிவையும் தேதி போட்டு டாக்டரிடம் கொண்டுபோங்கள். “எழுத மாட்டேங்கிறா” என்று சொல்வதைவிட இவை நிறையப் பேசும். டீச்சரின் ‘சோம்பேறி’ பற்றி: சோம்பேறிப் பிள்ளை பிடித்த வேலையில் சுறுசுறுப்பாக இருக்கும். பிடித்த படத்துக்குக் கீழே பெயர் எழுதக்கூட இவள் கை தயங்கினால் அது சோம்பல் இல்லை.

கேள்வி: வீட்டில் தமிழும் தெலுங்கும், பள்ளியில் ஆங்கிலம். பேச்சு தாமதமானதால் ஆங்கிலம் மட்டும் பேசச் சொல்கிறார்கள். சரியா?
— வாசகர், வேளச்சேரி

பதில்: தவறு. இரண்டு மூன்று மொழி கேட்பதால் பேச்சுக் கோளாறு வருவதில்லை. கோளாறு இருந்தால் எல்லா மொழியிலும் தெரியும்; சொற்களை எண்ணும்போது மூன்று மொழியையும் சேர்த்தே எண்ண வேண்டும். பாட்டி தனக்குத் தடுமாறும் ஆங்கிலத்தில் பேசினால் குழந்தைக்குக் கிடைப்பது மூன்று சொல் வாக்கியம்; தெலுங்கில் பேசினால் கதையே கிடைக்கும். யாருக்கு எந்த மொழி சரளமோ அந்த மொழியில் பேசட்டும்.

கேள்வி: செல்போன் பார்த்ததால்தான் இப்படி ஆனதா? மாமியார் என்னைத்தான் குறை சொல்கிறார்.
— வாசகி, கொளத்தூர்

பதில்: உங்கள் மேல் பழி போட இதில் ஒன்றும் இல்லை. செல்போன் கலப்பு வளர்ச்சிக் கோளாறை உண்டாக்குவதில்லை. ஆனால் பேச வேண்டிய நேரத்தைத் தின்னும், அது ஏற்கெனவே பின்தங்கிய குழந்தைக்கு இழப்பு. இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம், ஐந்து வயது வரை ஒரு நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்பது குழந்தை மருத்துவர்கள் சொல்லும் அளவு. சாப்பாட்டு நேரத்தில் மட்டுமாவது நிறுத்துங்கள். அந்த இருபது நிமிடம்தான் வீட்டில் அதிகம் பேச்சு வரும் நேரம். மாமியாரிடமே ஊட்டும் வேலையை ஒப்படைப்பதும் ஒரு வழி.

கேள்வி: அம்பத்தூரிலிருந்து அடையாறுக்கு வாரம் ஆறு நாள் போகிறோம். ஸ்பீச், ஓ.டி., ஸ்பெஷல் எஜுகேஷன் மூன்றும். பையனுக்கு ஐந்தரை வயது. ஒரு வருடம் ஆயிற்று. கடன் ஏறிவிட்டது. மாற்றம் தெரிகிற மாதிரியும் இருக்கிறது, தெரியாத மாதிரியும் இருக்கிறது. எதைக் குறைக்கலாம்?
— பெற்றோர், அம்பத்தூர்

பதில்: முதலில் குறைக்க வேண்டியது பயணம். நாற்பத்தைந்து நிமிடத் தெரபிக்கு மூன்று மணி நேரம் டிராஃபிக்கில் உட்கார்ந்து வருகிற குழந்தை எதையும் கற்கும் மனநிலையில் இருக்காது.

‘தெரிகிற மாதிரி, தெரியாத மாதிரி’ என்று நீங்கள் எழுதியது எங்களுக்கு ஒன்றைச் சொல்கிறது: இலக்கு எழுதப்படவில்லை. ஒவ்வொரு தெரபிஸ்ட்டிடமும் பன்னிரண்டு வாரத்துக்கு ஒரே ஒரு வாக்கியம் எழுதி வாங்குங்கள். ‘ஃபைன் மோட்டார் (விரல் வேலை) முன்னேறும்’ என்பது இலக்கு இல்லை. ‘சட்டையில் நாலு பட்டன் தானே போடுவான்’ என்பது இலக்கு. ‘மொழி வளரும்’ என்றால் எதையும் அளக்க முடியாது. ‘மூன்று சொல் வாக்கியம், ஒரு நாளில் பத்துத் தடவை, கேட்காமலே சொல்வான்’ என்றால் எண்ணலாம். எழுதித் தர மறுக்கும் இடத்துக்குப் பணம் கட்ட வேண்டாம். கதவைச் சாத்திக்கொண்டு பெற்றோரை வெளியே உட்காரவைக்கும் இடமும் எங்களுக்கு உவப்பானது இல்லை. நீங்கள் பார்த்துக் கற்றால்தான் மீதி நாளெல்லாம் வேலை நடக்கும்.

வாரம் இரண்டு நாள்தான் முடியும் என்றால் எங்கள் தேர்வு: ஒரு நாள் பேச்சு, உங்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இன்னொரு நாளில் ஒரு வாரம் ஓ.டி., மறுவாரம் சிறப்பாசிரியர். ஐந்தரை வயதில் மொழிக்கு முன்னுரிமை தருவதற்குக் காரணம் உண்டு. வகுப்பில் சொல்வது புரியாவிட்டால் கையும் எழுத்தும் எவ்வளவு சரியானாலும் பயனில்லை. சிறுநீர் கழித்தபின் ஜிப் போடத் தெரியாததால் பள்ளியில் தினமும் அழுகிறான் என்றால் மட்டும் வரிசையை மாற்றுங்கள், ஜிப் முதலில்.

கை வேலையில் பலரும் செய்யும் தவறு, எந்த வேலை வரவில்லையோ அதை விட்டுவிட்டுச் சுற்றி வளைத்துப் பயிற்சி தருவது. ஊஞ்சலில் ஆட்டினால் பட்டன் வராது, பட்டன் போட்டால்தான் பட்டன் வரும். கடைசிப் படியிலிருந்து தொடங்குங்கள். பெரிய பட்டன் உள்ள அப்பாவின் சட்டையை மேசை மேல் விரித்து, பட்டனை ஓட்டையில் பாதி நுழைத்துவிட்டு, மறுபக்கம் இழுப்பதை மட்டும் அவனிடம் விடுங்கள். ஐந்து நாள் அது மட்டும். அடுத்து, நுழைப்பதும் அவன். அப்புறம் தன் உடம்பில் போட்ட சட்டை. எப்போதும் முடிப்பது அவனாக இருப்பதால் ஒவ்வொரு தடவையும் வெற்றியோடு எழுந்திருப்பான். சோறு பிசைவது, செருப்பு வார் மாட்டுவது எல்லாவற்றுக்கும் இதே முறை. ஒரு தடவைக்குப் பத்து நிமிடம் போதும், பள்ளிக்குக் கிளம்பும் அவசரத்தில் மட்டும் வேண்டாம்.

பேச்சுக்கு ஒரு நாளில் பதினைந்து நிமிடம், நீங்களும் அவனும் மட்டும். ‘இது என்ன? சொல்லு, சொல்லு’ என்று பரீட்சை வைக்காதீர்கள். அவன் ‘பஸ்’ என்றால் நீங்கள் ‘பெரிய பஸ்’. அவன் ‘பஸ் போச்சு’ என்றால் ‘பஸ் வேகமா போச்சு’. அவன் சொன்னதன் மேல் ஒரே ஒரு சொல்; அதற்கு மேல் ஏற்றினால் தலைக்கு மேல் போய்விடும். நீங்கள் ஏதாவது கேட்டுவிட்டால் மனதுக்குள் பத்து எண்ணும் வரை வாயைத் திறக்காதீர்கள். பெற்றோருக்கு இதுதான் மிகவும் கஷ்டம். பிடித்த பிஸ்கட் டப்பாவைக் கண்ணுக்குத் தெரியும், கைக்கு எட்டாத அலமாரியில் வைத்தால் கேட்க வேண்டிய தேவை தானாக வரும்.

எழுத்துக்கு ‘அ, ஆ, இ’ வரிசை இப்போது வேண்டாம். ப, ட, ம, ர, க என்ற ஐந்தும் ‘ம்’ என்ற புள்ளி எழுத்தும் எடுத்துக்கொண்டால் படம், மரம், மடம், கரம் என்று முதல் வாரமே சொல் படிக்கலாம். கைதட்டி ஒலியைப் பிரித்து, அட்டையில் அடுக்கி, பிறகு எழுதுங்கள். வாரம் ஐந்து நாள், பதினைந்து நிமிடம். ஆறாவது எழுத்தை, இந்த ஐந்தும் தயங்காமல் வந்தபின் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அரசு உதவி, சான்றிதழ், தேர்வுச் சலுகை இதற்கு உண்டா? செலவில்லாமல் எங்கே காட்டலாம்?
— வாசகர், திருவொற்றியூர்

பதில்: காட்டுவதற்கு எழும்பூர் அரசு குழந்தைகள் நல மருத்துவமனை இருக்கிறது. தெற்கே ஈ.சி.ஆர். சாலையில் முட்டுக்காட்டில் மத்திய அரசின் பல்வகை ஊனமுற்றோர் மேம்பாட்டு நிறுவனம், 2005-இலிருந்து இயங்குகிறது. மருத்துவம், தெரபி, சிறப்புக் கல்வி எல்லாம் ஒரே வளாகத்தில். அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் வரும் நடமாடும் சுகாதாரக் குழுவினர் பிறப்பு முதல் 18 வயது வரையுள்ள பிள்ளைகளைப் பார்த்து மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள். அரசுப் பள்ளிப் பிள்ளை என்றால் வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியரும் பிசியோதெரபிஸ்ட்டும் உண்டு, தலைமையாசிரியரிடம் கேளுங்கள். எழுத்துப் பிரச்சினைக்குத் தியாகராய நகரில் மெட்ராஸ் டிஸ்லெக்ஸியா அசோசியேஷன்.

சான்றிதழ்தான் சிக்கலான இடம். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகை இருக்கின்றன. ‘கலப்பு வளர்ச்சிக் கோளாறு’ அதில் இல்லை. பேச்சு மொழிக் குறைபாடு என்று ஒரு வகை இருந்தாலும், அது குரல்வளை அகற்றியவர்களுக்கும் மூளைப் பாதிப்பால் பேச்சு போனவர்களுக்கும் என்றே வரையறுத்திருக்கிறார்கள். ஆகவே எஃப் 83 என்ற தாளை மட்டும் நீட்டினால் திருப்பி அனுப்புவார்கள். அதற்குள் இருக்கும் கூறு எது என்று பார்த்து விண்ணப்பிக்க வேண்டும். அறிவுத்திறன் குறைபாடு, ஆட்டிசம், அல்லது குறிப்பிட்ட கற்றல் குறைபாடு.

கற்றல் குறைபாட்டுக்கு 2018-இன் வழிகாட்டு முறைப்படி (2024-இல் அது திருத்தப்பட்டது, இப்போதைய விதியைக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்) எட்டு வயது ஆன பிறகுதான் சோதனை என்று இருந்தது. 14-லும் 18-லும் மறுசோதனை. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்தின் சோதனைத் தொகுப்பு வைப்பார்கள். அதற்கு முன் ஐ.க்யூ. 85-க்கு மேல் இருக்க வேண்டும் என்றது அந்த முறை. அறிவுத்திறன் குறைபாட்டுக்கோ 70-க்குக் கீழே இருக்க வேண்டும். நடுவில் 70 முதல் 85 வரை நிற்கும் பிள்ளைகள், கலப்புக் கோளாறில் இவர்கள் நிறைய, அந்த முறையில் இரண்டு கதவுக்கும் வெளியே நின்றார்கள். இது அநியாயம் என்பதில் எங்களுக்குச் சந்தேகமில்லை. அப்படி ஒரு பிள்ளை என்றால், அன்றாடத் திறன் அளவீட்டையும் சேர்த்து முழு ரிப்போர்ட்டோடு பள்ளியிடம் நேரடியாகப் பேசுங்கள். வகுப்புத் தேர்வில் கூடுதல் நேரம் தர எந்தச் சான்றிதழும் தேவையில்லை, தலைமையாசிரியரின் மனம் போதும்.

தகுதி உள்ளவர்கள் யூ.டி.ஐ.டி. கார்டுக்கு (மாற்றுத்திறனாளி அடையாள அட்டை) ஸ்வாவலம்பன் இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். ஆதார், புகைப்படம், முகவரிச் சான்று, ரிப்போர்ட்டுகள் போதும். சலுகைகளுக்கு 40 சதவீதக் குறைபாடு என்பது கோடு. சி.பி.எஸ்.இ.யில் மூன்று மணி நேரத் தேர்வுக்கு 60 நிமிடம் கூடுதல், சொல்வதை எழுத ஆள், மூன்றாம் மொழி விலக்கு ஆகியவை கிடைக்கும். மாநில வழியிலும் கூடுதல் நேரம், எழுதுபவர், மொழிப்பாட விலக்கு உண்டு. பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு இரண்டு மாதம் முன்பு ஓடாதீர்கள். ஒன்பதாம் வகுப்பு தொடங்கும்போதே மனு கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: ஸ்டெம் செல் ஊசி போட்டால் சரியாகிவிடும் என்று சில லட்சம் கேட்கிறார்கள். போடலாமா? மாத்திரை ஏதாவது உண்டா?
— வாசகர், போரூர்

பதில்: போடாதீர்கள். 2017-ஆம் ஆண்டின் தேசிய ஸ்டெம் செல் வழிகாட்டுதல்படி, சில ரத்த நோய்களைத் தவிர மற்றதெல்லாம் ஆராய்ச்சிச் சோதனைதான். ஆராய்ச்சிக்கு வரும் நோயாளியிடம் காசு வாங்கக் கூடாது. காசு கேட்கிறார்கள் என்பதே உங்களுக்கான பதில்.

பேச்சு, கை, எழுத்து மூன்றுக்கும் மாத்திரை இல்லை. ‘பிரெயின் டானிக்’ என்று எழுதித் தரும் சிரப்பும் அப்படியே. கடையில் வாங்காமல் விட்டால் அந்த மாதம் ஒரு தெரபிக்குப் பணம் மிஞ்சும். வலிப்பு, தூக்கமின்மை, கடுமையான கவனச்சிதறல், ரத்தசோகை, தைராய்டு ஆகியவை கூடவே இருந்தால் அவற்றுக்கு மருந்து உண்டு. அதை டாக்டர் சொல்லாமல் நிறுத்தவும் கூடாது.